ஐந்து வோல்ட்தானே, தொடலாமா? வீட்டுக் கரண்டிலிருந்து சின்ன சர்க்யூட்டுக்கு மின்சாரம் எடுப்பது எப்படி

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் சின்னக் கருவியை வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் இப்போது நிறைய. கருவிக்கு மூளையாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே, தொட்டிக்குள் இறங்கும் மூன்று நான்கு சென்சார் ஒயர்கள். மேஜையில் வைத்து லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். சுவரில் மாட்டும் நாள் வரும்போதுதான் கேள்வி எழும்: இதற்கு 5 வோல்ட் எங்கிருந்து வரும்? மோட்டார் சுவிட்சுக்கு வரும் 230 வோல்ட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் என்ன?

தாராளமாக எடுக்கலாம், வழிகளும் பல உண்டு. எந்த வழியில் எடுத்தாலும் மல்டிமீட்டர் 5 வோல்ட் என்றே காட்டும். ஆனால் சில வழிகளில் கிடைக்கும் 5 வோல்ட் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஒன்றும் ஆகாது. வேறு சில வழிகளில் அதே 5 வோல்ட் ஒயர் ஆளையே கொன்றுவிடும். மீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பதால் கட்டுரை முழுக்க இதைச் சுற்றியே வரப்போகிறேன்.

வீட்டுக்குள் வரும் கரண்ட்

நம் பிளக் பாயின்ட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி. 230 என்பது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சியில் அது 325 வோல்ட் வரை ஏறுகிறது, 230ஐ 1.414ஆல் பெருக்கினால் வரும் எண் அது. சப்ளை 250க்கு ஏறினால் உச்சி 350ஐத் தாண்டும். ஏசியை டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்து டிசியாக்கி, சார்ஜைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரில் நிரப்பினால், அந்த உச்சி வோல்டேஜ்தான் அதில் நிற்கும். போன் சார்ஜருக்குள் இருக்கும் குண்டுக் கெப்பாசிட்டரின் மேல் 400 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது இதனால்தான்.

வரும் இரண்டு ஒயர்களில் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். ஷாக் அடிப்பதன் முழுக் கதையும் இந்த ஒரு இணைப்பில் இருக்கிறது. தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர், அவருக்கே தெரியாமல் நியூட்ரலோடு இணைந்துதான் நிற்கிறார். ஃபேஸைத் தொட்டால் வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது: ஃபேஸ், கை, உடம்பு, கால், மண், மறுபடி தெரு டிரான்ஸ்ஃபார்மர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த ஒயரை விட முடியாமல் போகலாம். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டித்து உயிர்காக்க மாட்டும் ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எல்லை வைத்திருப்பதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு 5 வோல்ட் சப்ளை இருந்தால், அதன் ஒரு ஒயரை மட்டும் தொடுகிறவர் வழியாகக் கரண்ட் எங்கே போகும்? திரும்பி வர வழியே இல்லை. இப்படி வீட்டு ஒயரிங்கோடு உலோகத் தொடர்பு எதுவும் இல்லாமல் பிரித்து வைப்பதற்குத்தான் ஐசொலேஷன் என்று பெயர். 5 வோல்ட் என்பது இரண்டு ஒயர்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் மட்டும்தான். அந்த இரண்டு ஒயர்களும் சேர்ந்து மண்ணைவிட 325 வோல்ட் மேலே மிதந்துகொண்டிருந்தாலும் மீட்டர் 5 என்றுதான் சொல்லும்.

தொட்டிக் கருவியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். சென்சார் ஒயர்கள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் குளியலறைக்கும் சமையலறைக்கும் போகிறது. உப்பு கலந்த போர் தண்ணீர் என்றால் கரண்ட் இன்னும் நன்றாகவே பாயும். ஐசொலேஷன் இல்லாத சப்ளையில் இந்தக் கருவியை ஓட்டினால், வீட்டுக் குடிதண்ணீரை ஃபேஸோடு இணைத்து வைத்திருக்கிறோம் என்று பொருள்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தேவையைக் கணக்கிட வேண்டும். வைஃபை உள்ள ஈஎஸ்பி 8266 வகைப் போர்டு ஓய்வாக இருக்கும்போது சராசரியாக 70, 80 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிக்னல் அனுப்பும் கணத்தில் 300ஐத் தாண்டித் துள்ளும். கடைகளில் கிடைக்கும் நீலச் சதுர 5 வோல்ட் ரிலேயின் காயில் (சுவிட்சை இழுக்கும் காந்தச் சுருள்) சுமார் 70 ஓம். அதற்கு 70 மில்லி ஆம்பியர் சொச்சம். நாலு எல்இடிக்கு இருபது. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தால் 400, 450 மில்லி ஆம்பியர் வரை போகும். கொஞ்சம் கூடுதலாக வைத்து, 5 வோல்ட்டில் 600 மில்லி ஆம்பியர், அதாவது 3 வாட் தரும் சப்ளை போதும்.

வைஃபை வேண்டாம், எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று போதும் என்றால் தேவை வெகுவாகக் குறைகிறது. அந்தச் சிப் சில மில்லி ஆம்பியரிலேயே ஓடிவிடும். மலிவான தொட்டிக் கண்ட்ரோலர்கள் எப்படி அவ்வளவு சின்னப் பெட்டியில் அடங்குகின்றன என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நேரடியாக இறக்குவது

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு முதலில் தோன்றும் யோசனை ரெசிஸ்டர். 230ல் 225ஐ ஒரு ரெசிஸ்டரில் தள்ளிவிட்டால் மீதி 5 தானே? வெறும் 30 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்தாலும் அந்த ரெசிஸ்டரில் 6.75 வாட் சூடாகப் போகும். கிடைப்பதோ 0.15 வாட். மூடிய சுவிட்ச் பெட்டிக்குள் ராப்பகலாக 7 வாட் சூடு ஓடினால் பிளாஸ்டிக் உருகும். இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

ரெசிஸ்டருக்குப் பதில் கெப்பாசிட்டரை வைத்தால் சூடு இல்லாமலே கரண்டைக் கட்டுப்படுத்தலாம். ஏசியில் கெப்பாசிட்டர் ஒரு தடையைப் போல நடந்துகொள்ளும், ஆனால் மின்சாரத்தைத் தின்னாது. கால் அலையில் வாங்கியதை அடுத்த கால் அலையில் திருப்பிக் கொடுத்துவிடும். 50 ஹெர்ட்ஸில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் தடை ஏறக்குறைய 6,800 ஓம். 230ஐ அதால் வகுத்தால் 34 மில்லி ஆம்பியர். அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பும் நாலு பிரிட்ஜ் டயோடுகளைத் தாண்டி டிசியாக வரும்போது சராசரி 30 கிடைக்கும். 1 மைக்ரோஃபாரட் வைத்தால் 65 அளவில் கிடைக்கும். பின்னால் வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத ஒரு ஜீனர் டயோடு, ஒரு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், அவ்வளவுதான் சப்ளை. எல்இடி நைட் லேம்ப், சுவரில் குத்திச் சார்ஜ் செய்யும் மலிவு டார்ச், கொசு பேட் இவற்றில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இந்த சர்க்யூட்டை ஒரு தடவையாவது காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன், அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. மற்ற சப்ளைகள் வோல்டேஜைக் கொடுக்கும், வேண்டிய கரண்டை நாம் எடுத்துக்கொள்வோம். இது தலைகீழ். கெப்பாசிட்டர் ஒரு அளவுக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; நாம் எடுக்காததை ஜீனர் விழுங்கியாக வேண்டும். 12 வோல்ட் ஜீனரில் 30 மில்லி ஆம்பியர் முழுவதும் போனால் 0.36 வாட். அரை வாட் ஜீனர் சுட்டுக் கொதிக்கும், ஒரு வாட் போடுவது நல்லது. ஜீனர் பழுதாகி உள்ளே இணைப்பு விட்டுப்போனால் பின்னால் இருக்கும் எல்லாவற்றின் மேலும் வோல்டேஜ் மளமளவென்று ஏறிவிடும்.

கரண்ட் குறைவு, வோல்டேஜை வேண்டிய அளவு உயர்த்திக்கொள்ளலாம் என்பதால்தான் இந்த வகைக் கருவிகளில் 24 வோல்ட் ரிலே போடுகிறார்கள். அதே நீல ரிலேயின் 24 வோல்ட் வகையில் காயில் 1,600 ஓம். 15 மில்லி ஆம்பியரில் இழுத்துவிடும். 5 வோல்ட் ரிலேக்கு அதைப் போல ஐந்து மடங்கு வேண்டும். மலிவுக் கண்ட்ரோலரின் சின்னப் பெட்டி ரகசியம் இதுதான். நம் வைஃபை போர்டுக்கு வேண்டிய 450 மில்லி ஆம்பியரை இந்த வழியில் எடுக்க வேண்டுமென்றால் 7 மைக்ரோஃபாரட் தேவைப்படும். ஏசி மெயினுக்கு, அதாவது வீட்டு 230 வோல்ட் லைனுக்கு, தகுந்த தரத்தில் அந்த அளவு கெப்பாசிட்டர் வாங்கினால் அதன் பருமனும் விலையும் மொத்த சர்க்யூட்டையும் தாண்டிவிடும்.

போட வேண்டிய கெப்பாசிட்டர் எக்ஸ்2 வகையைச் சேர்ந்தது. 275 அல்லது 310 வோல்ட் ஏசி என்று உடம்பில் எழுதியிருக்கும். மெயினில் வரும் அதிர்ச்சி வோல்டேஜ்களைத் தாங்கவும், பழுதானால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காமல் இருக்கவும் சோதிக்கப்பட்டது அது. உள்ளே சின்னப் பொத்தல் விழுந்தால் அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கொள்ளளவு கொஞ்சம் தேயும். சில வருஷம் ஓடிய கண்ட்ரோலரில் ரிலே கடகடவென்று அடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கெப்பாசிட்டரைத்தான்: 0.47 என்று போட்டிருக்கும், அளந்தால் 0.3 கூட இருக்காது. சாயங்காலத்தில் வோல்டேஜ் 170க்கு இறங்கும் ஊர்களில் இன்னொரு தொல்லை. வோல்டேஜோடு சேர்ந்து கரண்டும் அதே விகிதத்தில் குறையும். 30 மில்லி ஆம்பியர் 22 ஆகிவிடும்.

கூடவே இரண்டு ரெசிஸ்டர்களை விட்டுவிடக் கூடாது. அலையின் உச்சியில் சுவிட்ச் போட்டால் காலிக் கெப்பாசிட்டர் ஒரு கணம் ஷார்ட் போலவே இருக்கும். 100 ஓம் ஒன்றைத் தொடரில் வைத்தால் அந்தப் பாய்ச்சல் 3 ஆம்பியர் சொச்சத்தோடு நிற்கும். இரண்டாவது, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு மெகா ஓம் அளவில். இது இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், பிளக் முள்ளைத் தொட்டால் சுளீரென்று அடிக்கும். அதனால் உயிர் போகாதுதான், ஆனால் ஏணி மேல் நிற்கிறவருக்கு அந்தத் திடுக்கிடலே போதும். கால் வாட் ரெசிஸ்டர்கள் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும், ஆகவே 470 கிலோ ஓமில் இரண்டைத் தொடராக வைப்பது வழக்கம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது: ஐசொலேஷன் இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் நெகட்டிவ் லைன், ஒவ்வொரு அரை அலைக்கும் மாறி மாறி மெயினின் இரண்டு ஒயர்களோடும் ஒட்டிக்கொள்கிறது. பிளக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அரை அலை டயோடு வைத்து நெகட்டிவை நியூட்ரலோடு நேராக இணைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் யாரோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றி இணைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. நியூட்ரல் ஒயர் வழியில் எங்காவது அறுந்தாலும் அதே கதிதான்.

வெளியே ஒரு ஒயர்கூட நீளாத, யாரும் தொட முடியாதபடி மூடிய நைட் லேம்புக்கு இந்த வழி பொருந்தும். தண்ணீரில் இறங்கும் சென்சார், வெளியே தெரியும் உலோகப் பொத்தான், புரோகிராம் ஏற்றும் யூஎஸ்பி துளை, இவற்றில் எது இருந்தாலும் இந்த வழியைத் தொடாதீர்கள். விலை குறைவு என்பதற்காகத் தொட்டிக்குள் ஒயர் விடும் கருவியில் இதை வைத்து விற்பதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்

பழைய வழி, இன்றும் நல்ல வழி. இரண்டு தனித்தனிச் செம்புச் சுருள்கள், நடுவே இரும்பு. ஒரு சுருளில் 230 வோல்ட் ஓடினால் இரும்பில் காந்தப்புலம் ஏறி இறங்கும். அது அடுத்த சுருளில் 9 வோல்ட்டை எழுப்பும். இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சக்தி மட்டும் காந்தமாகக் கடந்து போகிறது, மண்ணோடு இருந்த உறவு முதல் சுருளோடு முடிந்துவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் 6-0-6, 9-0-9, 12-0-12 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

9 வோல்ட் ஏசியின் உச்சி 12.7. பிரிட்ஜின் இரண்டு டயோடுகளில் 1.4 போனால் 11.3 வோல்ட் டிசி. இதை 7805 ரெகுலேட்டருக்குக் கொடுத்தால் 5 வோல்ட் வரும், மீதி 6.3 வோல்ட் சூடாகப் போகும். 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் 0.63 வாட், கையில் சூடு தெரியும். 450 எடுத்தால் 3 வாட்டை நெருங்கும், ஹீட் சிங்க் இல்லாமல் நிற்காது. அலையின் இரண்டு உச்சிகளுக்கு நடுவே 10 மில்லி செகண்ட் இடைவெளி. அந்த நேரம் முழுக்கச் சுமையைத் தாங்குவது ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிடிக். 1,000 மைக்ரோஃபாரட் வைத்தால் 100 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். 450க்கு 2,200 வைப்பேன்.

6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் சூடு குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் அதில் நல்ல சப்ளையிலேயே 7.1 வோல்ட்தான் வரும், 7805 ஒழுங்காக ஓட ஏறக்குறைய 7 வேண்டும். மாலையில் லைன் 180க்கு இறங்கினால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். 9 வோல்ட்டில் அந்த இடைவெளி கையில் இருக்கிறது.

இடியும் மின்னலும் வரும் நாட்களில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவதுபோல மற்றவை தாங்குவது அபூர்வம். அதன் எடையும் இடமும்தான் தொல்லை. சும்மா இருக்கும்போதும் ஒன்றிரண்டு வாட் தின்னும். 1 வாட் என்றாலும் வருஷத்துக்கு 8.76 யூனிட் ஆகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் என்று பெயர் இருந்தாலே ஐசொலேஷன் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு ஸ்டெபிலைசருக்குள் பொதுவாக இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: ஒரே சுருள், நடுநடுவே ஒயர் எடுத்திருப்பார்கள். அது வோல்டேஜை மாற்றும், பிரிக்காது. ஸ்டெபிலைசர் வழியாகத்தான் வருகிறது என்று நம்பி உள்ளே கை வைக்காதீர்கள்.

சார்ஜருக்குள் இருப்பது

எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) என்று சொல்லும் வகையில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. முதலில் மெயினை அப்படியே 325 வோல்ட் டிசியாக்குகிறது. அந்த டிசியை ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்கு அறுபதாயிரம், லட்சம் முறை வெட்டுகிறது. வெட்டிய துடிப்புகள் ஒரு குட்டி ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகின்றன. துடிப்பு வேகமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் கடத்த வேண்டிய சக்தி குறைவு, அதனால் டிரான்ஸ்ஃபார்மர் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வெளியே வரும் 5 வோல்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற செய்தியை, பெரும்பாலும் ஆப்டோகப்ளர் ஒன்று ஒளியாகவே பின்னுக்கு அனுப்பும். சக்தி காந்தமாகக் கடக்கிறது, செய்தி ஒளியாகக் கடக்கிறது, ஒயர் எதுவும் கடப்பதில்லை. மெயின் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எப்படி ஆடினாலும் வெளியே 5 அசையாது.

போனைச் சார்ஜில் போட்டு அதன் உலோக ஓரத்தை விரலால் தடவினால் மெல்லிய குறுகுறுப்பு சில நேரம் தெரியும். இரைச்சலை அடக்க இரண்டு பக்கத்தையும் இணைத்து வைத்திருக்கும் ஒய் வகைக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. அளவு மிகச் சிறியது, ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பகுதிதான். அந்த இடத்தில் தரமான ஒய் கெப்பாசிட்டருக்குப் பதில் கண்ட கெப்பாசிட்டரை வைத்த போலிச் சார்ஜர்தான் ஆபத்து, ஏனென்றால் அது ஷார்ட் ஆனால் முழு மெயினும் யூஎஸ்பி ஒயரில் வந்து நிற்கும்.

தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை மிக எளியது. நல்ல 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை வாங்கி, அதைப் பிரிக்காமல், மோட்டார் போர்டு பக்கத்தில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் குத்தி, அதன் யூஎஸ்பி ஒயரை மட்டும் உங்கள் பெட்டிக்குள் கொண்டு போங்கள். 230 வோல்ட் உங்கள் சப்ளை பக்கத்துக்கு வரவே வராது. வாங்கும்போது இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் அதோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும். இரண்டாவது, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம். எர்த் ஒயர் இல்லாமலே போதுமான இரட்டைக் காப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள்.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்றால் ஹை-லிங்க் பிஎம்01 போன்ற மூடிய மாட்யூல்கள் கிடைக்கின்றன. தீப்பெட்டியைவிடச் சின்னது, நாலு கால்; இரண்டில் 230 ஏசி, இரண்டில் 5 வோல்ட் 600 மில்லி ஆம்பியர். நம் கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். 3.3 வோல்ட், 12 வோல்ட் வகைகளும் உண்டு. இதை வைத்து பிசிபி (செம்புத் தடங்கள் பதித்த சர்க்யூட் பலகை) வரையும்போது மெயின் பக்கத்துத் தடத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே குறைந்தது 6 மில்லிமீட்டர் வெறும் இடம் விட வேண்டும். மாட்யூலுக்குள் இருக்கும் காப்பை வெளியே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தொலைத்துவிடக் கூடாது. துளைகள் நிறைந்த பொதுப் பலகையில் இதைச் சாலிடர் செய்கிறவர்கள், நடுவே இருக்கும் இரண்டு மூன்று வரிசைச் செம்பு வட்டங்களைச் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது.

ஐசொலேஷன் உடையும் வேறு இடங்கள்

சப்ளை சரியாக இருந்தும் மெயின் வேறு வழியில் உள்ளே நுழையலாம். முதல் இடம் ரிலே. காயிலும், லைனைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்ட்டும் உள்ளே தனித்தனிதான். ஆனால் அந்த நீல ரிலேயைக் கவிழ்த்துப் பாருங்கள்: மெயின் வரும் காமன் கால், காயிலின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்கும். கவனமில்லாத ரிலே போர்டுகளில் அங்கே இடைவெளி மிகக் குறுகல். நல்ல போர்டுகளில் காமன் காலைச் சுற்றிப் பலகையையே அறுத்து ஒரு பிளவு விட்டிருப்பார்கள். வாங்கும்போது அந்தப் பிளவைப் பாருங்கள்.

ரிலே பற்றி இன்னொன்று. உடம்பில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1 எச்பி மோட்டாரை நேராக அதில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. சின்ன ரிலே ஒரு கான்டாக்டரை (கனமான கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இழுக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம் லேப்டாப். ஐசொலேஷன் இல்லாத கருவி மெயினில் இருக்கும்போது புரோகிராம் ஏற்ற யூஎஸ்பி ஒயரைக் குத்தினால் லேப்டாப்பின் உடம்பே மெயினோடு இணைந்துவிடும். போர்டு, லேப்டாப், பிடித்திருப்பவர் மூவருக்கும் ஆபத்து. மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அப்படிப்பட்ட சர்க்யூட்டில் மாட்டினாலும் அதே ஷார்ட்தான்.

ஃபியூஸ், வேரிஸ்டர், நியூட்ரல்

மோட்டார் லைனில் 16 ஆம்பியர் எம்சிபி (டிரிப் சுவிட்ச்) இருக்கிறதே, தனி ஃபியூஸ் எதற்கு? அந்த எம்சிபி சுவருக்குள் ஓடும் தடித்த ஒயரைக் காப்பாற்ற வைத்தது. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய ஒயரும் பிசிபி தடமும் எரிந்து கரியாகும் வரை அது அசையாமல் இருக்கலாம். சப்ளைக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

ஃபியூஸைத் தாண்டி, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு வேரிஸ்டர். 471 என்ற எண் போட்ட வகை 300 வோல்ட் ஏசி வரை சும்மா இருக்கும், மின்னல் போன்ற அதிர்ச்சி வந்தால் திறந்து விழுங்கும். ஃபியூஸ் முன்னால், வேரிஸ்டர் பின்னால் என்ற வரிசை மாறக் கூடாது. நம் தெருக்களில் அவ்வப்போது நியூட்ரல் அறுந்து, ஒரு ஃபேஸ் வீட்டுக்கு 400 வோல்ட் வரை வந்துவிடுகிறது. டிவியும் ஃபிரிட்ஜும் வரிசையாகப் போவது அன்றைக்குத்தான். அந்த நேரத்தில் வேரிஸ்டர் இடைவிடாமல் கரண்டை இழுத்துச் சூடேறும். முன்னால் ஃபியூஸ் இருந்தால் அது போய்விடும், கதை முடியும். இல்லாவிட்டால் வேரிஸ்டரே தீப்பிடிக்கும்.

நியூட்ரல் பற்றிக் கேட்டதும் சுவிட்ச் போர்டுக்குள் வைஃபை சுவிட்ச் வைக்க நினைப்பவர்களும் காதைத் தீட்டுவார்கள். நம் வீட்டுப் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும். மாடிப்படி இருவழி சுவிட்ச் போன்ற இடங்களில் இருக்காது. அங்கே பக்கத்து எர்த் ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. செய்யவே கூடாது. எர்த் எங்காவது விட்டுப்போனால் அதோடு இணைந்த ஃபிரிட்ஜ், கீசர் உடம்பெல்லாம் ஃபேஸாக மாறிவிடும்.

கடையில் வாங்கிய கருவியைச் சோதிப்பது

ஏற்கெனவே வீட்டில் ஒரு தொட்டிக் கண்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதில் ஐசொலேஷன் இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, கருவியை லைனிலிருந்து முழுதாகக் கழற்றி, கெப்பாசிட்டர்கள் காலியாக ஐந்து நிமிடம் விடுங்கள். மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, ஒரு முனையைச் சென்சார் டெர்மினலிலும் இன்னொன்றைச் சப்ளை உள்ளே வரும் ஃபேஸ் டெர்மினலிலும் வையுங்கள். முனைகளை மாற்றியும் பாருங்கள். அடுத்து நியூட்ரல் டெர்மினலில் அதே மாதிரி. எல்லா சென்சார் டெர்மினலுக்கும் இப்படியே. பிறகு மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில், 20 மெகா ஓமில், இன்னொரு சுற்று. சென்சார் ஒயரில் தொடர் ரெசிஸ்டர் இருந்தால் டயோடு சோதனை ஏமாற்றக்கூடும்.

எந்த இடத்திலாவது 0.5, 0.6 என்று எண் வந்தாலோ சில மெகா ஓம் காட்டினாலோ, உள்ளே நேரடித் தொடர்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. 474 அல்லது 105 என்று எழுதிய பெட்டி போன்ற ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். 474 என்றால் 47க்குப் பின் நாலு பூஜ்ஜியம் பிகோஃபாரட், அதாவது நாம் கணக்குப் போட்ட அதே 0.47 மைக்ரோஃபாரட். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே சென்சார் ஒயர்களைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். வேறு கருவி வரும் வரை மோட்டாரைக் கையால் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாச் சோதனையிலும் மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் நேரடித் தொடர்பு இல்லை என்பது மட்டும் உறுதி. காப்பு எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் 3,000 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள், அதை வீட்டில் செய்ய முடியாது. அதற்காகத்தான் மேலே சொன்ன முத்திரைகளும் பதிவு எண்ணும். நீங்களே செய்த கருவி என்றால் முதல் முறை மெயினில் போடும்போது சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் கெப்பாசிட்டர்கள் நிரம்பியதோடு சரி, ஷார்ட் எதுவும் இல்லை. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் பிரிட்ஜ் டயோடுகளையும் வேரிஸ்டரையும் அளந்து பாருங்கள்.